கொன்றவர் கடன்

வடதுருவப் பனிப்பரப்பில் சீலைக் கொன்ற இனுயிட் வேட்டைக்காரர் அதன் வாயில் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றுவார். உப்புக்கடலில் வாழ்ந்த உயிருக்குத் தாகம் அடங்காது, அதைத் தீர்த்து அனுப்பினால் அதன் ஆவி மறுபடியும் உடலெடுத்து அதே வேட்டைக்காரரிடம் வந்து சேரும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. ஜெர்மனியில் மானைச் சுட்டவர் அதன் வாயில் ஒரு பச்சைக் கிளையைச் செருகுகிறார். அது அந்த மானுக்குக் கடைசிக் கவளம். ஜப்பானில் நகாதோ நகரைச் சேர்ந்த கயோய் என்ற கடலோர ஊரில், 1692இல் எழுப்பிய திமிங்கலக் கல்லறை இன்னும் நிற்கிறது. கொன்ற தாய்த் திமிங்கலங்களின் வயிற்றில் கிடந்த கருக்களை அங்கே அடக்கம் செய்தார்கள். இறந்த மனிதருக்கு வைப்பதுபோலத் திமிங்கலங்களுக்கும் பௌத்தப் பெயர் வைத்துக் கோயில் ஏட்டில் எழுதினார்கள்.

படித்தால் மனம் இளகத்தான் செய்கிறது. வேட்டையின் அறம் பற்றிய எழுத்துகளில் ஒரு பாதி இந்த இளக்கத்திலேயே நின்றுவிடுகிறது: பழங்குடிகள் உயிரை மதித்துக் கொன்றார்கள், நாம் மதிக்காமல் கொல்கிறோம், முடிந்தது கதை. மறுபாதி எல்லா வேட்டையையும் கொடூரம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு சமூகத்தின் வேட்டை முறை கொன்றவரிடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறது? கறியில் பங்கா, பெருமையா, அடுத்த வேட்டையா, ஆசைப்பட்ட இரையா? எதையுமே வாங்காத சடங்கு கொன்றவருக்கு ஆறுதல் தரும். விலங்குக்கோ காட்டுக்கோ அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் வேட்டைக்கு அங்கே இருப்பதுபோல நுணுக்கமான ஒழுக்க விதிகள் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். எந்த விலங்கை எந்தப் பருவத்தில் சுடலாம், காயம்பட்டு ஓடியதை எப்படித் தேடி முடிக்க வேண்டும், சுட்டவற்றை எந்த வரிசையில் கிடத்த வேண்டும், எந்த விலங்குக்கு எந்தக் கொம்பொலி என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. இந்த மரபை நாடு முழுவதற்குமான ஒரே சட்டமாகத் தொகுத்தது 1934ஆம் ஆண்டின் நாஜி அரசு. ‘பேரரசின் தலைமை வேட்டையர்’ என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டவர் ஹெர்மன் கோரிங். மானுக்குக் கடைசிக் கவளம் வைக்கத் தெரிந்த கை வேறு எதையெல்லாம் செய்தது என்பது உலகம் அறிந்தது. இதனால் ஜெர்மன் வேட்டை மரபே பொய் என்று ஆகிவிடாது. விலங்கிடம் காட்டும் மரியாதையை வைத்து ஒருவரின் அறத்தை எடைபோட முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

பழங்குடி மரபுகளுக்கும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கு இல்லை. கனடாவின் கிரீ மக்களிடையே ஆய்வு செய்த மானுடவியலாளர் ராபர்ட் பிரைட்மன் நம்மைச் சங்கடப்படுத்தும் ஒன்றைச் சொல்கிறார். விலங்கு தானே மனமுவந்து வேட்டைக்காரருக்குத் தன்னைத் தருகிறது, அதன் எலும்பை மரியாதையாக நடத்தினால் திரும்பப் பிறந்து வருகிறது என்பது கிரீ நம்பிக்கை. அப்படியானால் எத்தனை கொன்றாலும் குறைவு வராதே! தோல் வியாபாரம் கொழித்த காலத்தில் வடக்கு மனிடோபாவில் பீவர்கள் அருகிப்போனதை இந்த நம்பிக்கை தடுக்கவில்லை. எண்ணிக்கையைப் பார்த்து நிறுத்திக்கொள்ளும் பழக்கம் பிற்பாடுதான் வந்தது. ஹொக்கைடோவின் அய்னு மக்கள் கரடிக்குட்டியைப் பிடித்துவந்து வீட்டுப் பிள்ளைபோல வளர்ப்பார்கள். பெண்கள் தாய்ப்பால் ஊட்டியதும் உண்டு. ஓரிரு ஆண்டு கழித்து, ஊர் கூடி, அம்பெய்து கொன்று, அந்தத் தெய்வத்தை அதன் உலகத்துக்கே வழியனுப்புவார்கள். 1955இல் அரசு இது காட்டுமிராண்டித்தனம் என்று தடுத்தது. 2007இல் அந்தத் தடையைத் திரும்பப் பெற்றது. பாசமும் கொடுமையும் இப்படிப் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுபவர் தனக்கு வேண்டியதைச் சொல்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கொன்றவரிடம் கணிசமாக வாங்கிக்கொள்ளும் மரபு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கலஹாரிப் பாலைவனத்து ஜூ-ஹோன்சி மக்கள். ரிச்சர்ட் லீ என்ற மானுடவியலாளர் 1960களில் அவர்களோடு தங்கியிருந்தார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு இருப்பதிலேயே கொழுத்த எருதாகப் பார்த்து வாங்கினார். அதைப் பார்த்த ஒவ்வொருவரும், இதுவா எருது, எலும்பும் தோலுமாக இருக்கிறதே, இதை அறுத்து யார் வயிற்றுக்குப் போதும் என்று நொடித்துத் தள்ளினார்கள். மனிதர் நொந்துபோனார். எருதை அறுத்தபோது கொழுப்பு விரலளவுக்கு மேல் இருந்தது. ஆனாலும் கேலி மட்டும் நிற்கவில்லை. பிறகுதான் விஷயம் விளங்கியது. பெரிய இரையைக் கொன்று வருபவரின் தலையில் கனம் ஏறிவிடும், தன்னைத் தலைவனாகவும் மற்றவரைத் தனக்குக் கீழானவராகவும் நினைக்கத் தொடங்குவான், அப்படிப்பட்டவன் ஒருநாள் மனிதரையும் கொல்வான். அதனால் அவன் கொண்டுவந்த கறியை முளையிலேயே இகழ்ந்துவிடுகிறார்கள்.

இகழ்ச்சியோடு முடிவதில்லை. அவர்கள் அம்பு முனையில் பூசுவது ஒருவகை வண்டின் புழுவிலிருந்து எடுக்கும் நஞ்சு. அது மெதுவாக ஏறுவது. அடிபட்ட விலங்கை மணிக்கணக்கில், சில வேளை மறுநாள் வரையிலும் தடம் பார்த்துத் தொடர வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வீழ்த்திய பிறகும் கறியைப் பிரித்துக் கொடுக்கும் உரிமை எய்தவருக்கு இல்லை, அம்புக்கு உரியவருக்குத்தான். அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி வைத்திருப்பார்கள். ஆகவே அந்த உரிமை நடக்க முடியாத ஒரு முதியவருக்கோ, வேட்டைக்கே போகாத ஒரு பெண்ணுக்கோ போய்ச் சேரலாம். கொன்றவருக்குக் கிடைப்பது மற்றவர்களைப்போல ஒரு பங்கு, கூடவே கொஞ்சம் வசவு. இனுயிட்டுகளிலும் நெட்சிலிக் பிரிவினர் ஒரு சீலைப் பதினான்கு பங்காக வகுத்து, எந்தப் பங்கு யாருக்கு என்று சிறுவயதிலேயே பங்காளிகளை முடிவு செய்து வைத்திருந்தார்கள். வாயில் ஊற்றிய தண்ணீரைவிட இந்தப் பதினான்கு பங்குதான் எனக்குப் பெரிய அறமாகப் படுகிறது.

இந்தியாவில் இதற்கு இணையாக அருணாசலப் பிரதேசத்தின் திபாங் பள்ளத்தாக்கைச் சொல்லலாம். அங்கே வாழும் இடு மிஷ்மி மக்களுக்குப் புலி உடன்பிறப்பு. ஒரே தாய் வயிற்றில் முதலில் பிறந்தது புலி, அடுத்துப் பிறந்தவர் மனிதர் என்பது அவர்களுடைய தொல்கதை. புலியைக் கொன்றால் மனிதரைக் கொன்றதற்குச் சமம். பூசாரியை அழைத்துச் செலவு பிடிக்கும் சடங்கை நடத்தியாக வேண்டும். மற்றப் பெரிய விலங்குகளைக் கொன்றாலும் அவற்றுக்கு உரிமையாளரான கோலோ என்ற ஆவிக்குப் பதில் சொல்ல வேண்டும். வேட்டையாடியவர் சில நாட்கள் வெங்காயம், பூண்டு தொடக் கூடாது, மனைவியோடு படுக்கக் கூடாது. மானுடவியலாளர் அம்பிகா ஐயாதுரை இவர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே புலிகள் எங்கள் சகோதரர்கள் என்பதுதான். சரணாலய எல்லைக்கு வெளியே, ஊர்க்காடுகளிலும் அங்கே புலிகள் இருப்பது காமிராக்களில் பதிவாகியிருக்கிறது. ஆனால் கஸ்தூரி மானுக்கும் கரடிக்கும் இவ்வளவு கடுமையான காப்பு இல்லை. கஸ்தூரிக்கும் கரடியின் பித்தப்பைக்கும் வெளிச்சந்தையில் விலை ஏறியபோது அவை தப்பவில்லை. சில நாள் பத்தியம் இருந்துவிட்டு மறுபடியும் போகலாமே. தடை எவ்வளவு கனமோ அவ்வளவுதான் காப்பு.

நம் பழைய நூல்கள் வேட்டையைப் பற்றி ஒருமனதாக இல்லை. அரசனைக் கெடுக்கும் ஆசைகளின் பட்டியலை மனு வேட்டையில்தான் தொடங்குகிறார். கௌடில்யரோ, வேட்டை உடம்புக்குப் பயிற்சி, கொழுப்பு கரையும், ஓடும் குறியை அடிக்கக் கை பழகும் என்று அதற்காக வாதாடுகிறார். மறைந்திருந்து கொன்றது முறையா என்று வாலி கேட்கும்போது வால்மீகியின் ராமன் சொல்லும் பதில்களில் ஒன்று வேட்டை: வலை விரித்தும் ஒளிந்திருந்தும் விலங்கைக் கொல்வது மனிதருக்குக் குற்றமில்லை, நீயோ குரங்கு. எதிரில் இருப்பவரை விலங்கு என்று சொல்லிவிட்டால் எல்லா விதியும் தளர்ந்துவிடும் என்பதற்கு இதைவிட நேரான வாக்குமூலம் கிடைப்பது அரிது.

அசோகர் வேட்டைப் பயணத்தை விட்டு அறப்பயணம் போகத் தொடங்கினார். அரண்மனை அடுக்களையில் நாள்தோறும் கணக்கில்லாமல் விழுந்த உயிர்கள், இரண்டு மயிலும் ஒரு மானுமாகக் குறைந்தன. மானும் எல்லா நாளும் இல்லை. இதைக் கல்லில் வெட்டிவைத்த அதே அரசர், காடுவாழ் மக்களை நோக்கி, எனக்குத் தண்டிக்கும் வலிமையும் இருக்கிறது என்று இன்னொரு சாசனத்தில் எச்சரிக்கிறார். கொல்லாமையைப் பேசும் அரசின் முதல் பார்வை காட்டுமக்கள் மேல் விழுவது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை.

தமிழில் இந்த விவாதத்தின் இரு முனையும் அழுத்தமாக இருக்கின்றன. வாங்குபவர் இல்லாவிட்டால் விற்பதற்காகக் கொல்பவரும் இருக்க மாட்டார் என்று வள்ளுவர் பழியை இலைமுன் உட்கார்ந்திருப்பவர் பக்கம் திருப்புகிறார். பெரியபுராணத்தில் சேக்கிழாரோ வேடராகிய கண்ணப்பரை, வாயில் அதுக்கிச் சுவை பார்த்த பன்றிக்கறியோடு, நாயன்மார் வரிசையில் வைக்கிறார். அருவருத்தவர் ஆகமம் அறிந்த சிவகோசரியார்; ஏற்றுக்கொண்டவர் சிவன். பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் ஒன்று அந்தப் புராணத்தில் இருக்கிறது. திண்ணனார் என்ற பெயரோடு இருந்த கண்ணப்பரின் கன்னிவேட்டையை ஆரவாரமாக வருணிக்கும்போது நடுவில் சேக்கிழார் ஒரு கட்டுப்பாட்டைச் சொல்கிறார்: யானைக்கன்றுகளை அந்த வேடர்கள் துரத்தவில்லை, குட்டிகளைக் கொல்லவில்லை, சினைப்பட்டுத் தள்ளாடும் பிணைகளை அலைக்கழிக்கவில்லை. சோழர் அவையில் இருந்த அமைச்சருக்கு இந்த விவரம் எங்கிருந்து கிடைத்ததோ, அது காட்டில் புழங்கியவர்களின் விதியாகவே தெரிகிறது. கையெட்டும் தூரத்தில் நிற்கும் இரையை விட்டுவிட்டு வருவதுதான் வேடருக்கு ஆகும் செலவு.

அரசர்கள் அப்படி எதையும் விட்டுவிட்டு வந்ததாகத் தெரியவில்லை. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் நேபாளத்தில் பத்து நாள் வேட்டையாடினார். அவருடைய கூட்டம் வீழ்த்தியது 39 புலி, 18 காண்டாமிருகம். சர்குஜா மகாராஜா ஒருவரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட புலிகளைச் சுட்டவர். இந்தியாவின் கடைசிச் சிவிங்கிப்புலிகள் என்று பதிவான மூன்றையும் 1947இல் சுட்டவர் கொரியா சமஸ்தானத்து அரசர். கூலிக்குக் கொட்டடித்து விலங்கை விரட்டிவரும் ஊர்மக்கள் கீழே, துப்பாக்கியோடு துரை மேலே. செத்தால் கொட்டுக்காரர் சாவார்; படம் எடுத்தால் துரை நிற்பார். ஜூ-ஹோன்சிகள் அஞ்சியது எதற்கோ, அதுதான் இது.

இந்த வெறியாட்டம் முடிந்தபின் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது வராமல் போயிருந்தால் இன்று புலியே இருந்திருக்காது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மகாராஜாக்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டார்கள், வேட்டையில் வாழ்ந்தவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். நிகோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு மட்டும் வேட்டை உரிமையை அந்தச் சட்டம் விட்டுவைத்தது. காடுவாழ் மக்களுக்கு இழைத்த வரலாற்று அநீதியைச் சரிசெய்ய வந்த 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் மரபான உரிமைகள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, வேட்டையாடும் உரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்குகிறது. மேற்கு வங்கத்து அயோத்தியா மலையில் புத்த பூர்ணிமை நாளில் சந்தால் மக்கள் கூடும் செந்திரா வேட்டை வெறும் வேட்டை அல்ல. அன்றிரவு அங்கே கூடும் மன்றத்தில் ஊர்த்தலைவர்களையே நிறுத்திக் கேள்வி கேட்கலாம். வனத்துறைக்கு அதில் தெரிவது பறிமுதல் செய்ய வேண்டிய ஈட்டியும் வில்லும். உண்மையைச் சொன்னால், காடு சுருங்கிய இந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் மலையேறினால் அங்கே எதுவும் மிஞ்சாது. மன்றத்தை வைத்துக்கொண்டு வேட்டையை விடலாம் என்று அவர்களே முடிவு செய்தால் நல்லது. அதை வெளியாள் சொல்லும்போதுதான் கசக்கிறது.

அப்படித் தாமே முடிவு செய்தவர்களும் உண்டு. நாகாலாந்தின் பாங்தி கிராமத்தை ஒட்டிய தோயாங் நீர்த்தேக்கத்தில் 2012இல் அமூர் வல்லூறுகளை வலையில் பல்லாயிரக்கணக்கில் பிடித்துக் கொன்ற காட்சி உலகை அதிரவைத்தது. மறுவருடமே அது நின்றது. ஊர் மன்றங்கள் தடை போட்டன, வலை விரித்தவர்களே காவல் நின்றார்கள். செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பிய ஒரு பறவைக்குப் பாங்தி என்றே பெயர் வைத்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் பாம்புத்தோல் வியாபாரம் நின்றதும் பிழைப்பிழந்தார்கள். 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தில் அதே கைகள் பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, திரும்பக் காட்டில் விடுகின்றன. அவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். வேட்டையறிவை அழிக்காமல் அதன் முடிவை மட்டும் மாற்ற முடிந்த அபூர்வமான இடம் அது. எல்லா வேட்டைச் சமூகத்துக்கும் இப்படி ஒரு வாசல் திறக்கவில்லை.

வெளியாரின் கோபம் பெரும்பாலும் குறி தவறித்தான் விழுகிறது. வெள்ளைநிற சீல்குட்டிகளைத் தடியால் அடிக்கும் படங்களைப் பார்த்துக் கொதித்த ஐரோப்பா 1983இல் குட்டித் தோலையும் 2009இல் சீல் பொருட்களையும் தடுத்தது. இனுயிட்டுகள் அந்தக் குட்டிகளைக் கொல்பவர்களே அல்லர். அவர்களுக்கு விலக்கும் தந்தார்கள். ஆனால் சந்தையே செத்த பிறகு விலக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சீல் வேட்டைக்கு எதிராகப் பிரசாரம் செய்த கிரீன்பீஸ் கனடா 2014இல் இனுயிட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவின் மக்கா மக்களுக்குத் திமிங்கல வேட்டை உரிமையை 1855 ஒப்பந்தம் எழுத்தில் தந்திருக்கிறது. வணிகக் கப்பல்கள் சாம்பல் திமிங்கலங்களைத் துடைத்தெடுத்துவிட்டதால் 1920களில் மக்காக்கள் தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள். எண்ணிக்கை தேறியபின் 1999இல் ஒரே ஒரு திமிங்கலத்தைக் கொன்றார்கள். அதற்குக் கிடைத்த வசவுக்கு அளவில்லை. எழுபது ஆண்டு நிறுத்தி வைத்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பாரோ தீவுகளின் கதை வேறு. அங்கே பைலட் திமிங்கலக் கறியைப் பெரும்பாலும் விற்பதில்லை, ஊரார் பிரித்துக்கொள்வார்கள். பிடித்த கணக்கு பல நூற்றாண்டுகளாக ஏட்டில் இருக்கிறது. கொல்லும் கருவிக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ஆனால் கறியில் பாதரசம் ஏறிக் கிடக்கிறது, தின்ன வேண்டாம் என்று அந்நாட்டு மருத்துவ அதிகாரிகளே 2008இல் சொல்லிவிட்டார்கள். 2021 செப்டம்பரில் ஒரே நாளில் 1,428 ஓங்கில்களைக் கரைக்கு விரட்டிக் கொன்றபோது உள்ளூரிலேயே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பங்கு வைக்கும் அளவைக் கொலை தாண்டிவிட்டால் மரபு என்ற சொல் தாங்காது.

2015இல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கத்தை அமெரிக்கர் ஒருவர் சுமார் 50,000 டாலர் கொடுத்து அம்பெய்து கொன்றபோது உலகமே அழுதது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஜிம்பாப்வே மாணவர் ஒருவர், எங்கள் ஊரில் சிங்கத்துக்கு யாரும் அழுவதில்லை என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார். சிங்கத்துக்குப் பயந்து வளர்ந்தவர் அவர். பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விடுவதை ஆதரிப்பவர்களுக்கு நமீபியா சான்று: 1996 முதல் ஊர்ச்சமூகங்களுக்கு விலங்குகள் மேல் உரிமையும் வருமானமும் தந்தது, விலங்குகள் பெருகின. கென்யா 1977இல் வேட்டையையே தடை செய்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அங்கே பெரிய காட்டு விலங்குகள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. தடையினால்தான் குறைந்தன என்று சொல்ல முடியாது. மக்கள்தொகையும் மேய்ச்சலும் வேலிகளும் சேர்ந்த கணக்கு அது. பணத்துக்கு வேட்டை விடுவது பயன்படலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சிங்கத்தலையைச் சுவரில் மாட்டுபவர் தருவது விலை. அந்த விலையில் பெருமையும் அடக்கம். அதை யாரும் இகழ்ந்து தணிப்பதில்லை.

இவ்வளவும் மனிதர்களுக்குள் நடக்கும் பேச்சு. விலங்கின் பக்கம் நின்று தத்துவவாதிகள் பீட்டர் சிங்கரும் டாம் ரீகனும் கேட்பது இதைவிட எளியது: வேட்டைக்காரர் என்ன கடன் கட்டினால் என்ன, செத்தது திரும்புமா? மான் தன்னைத் தந்தது என்கிறீர்களே, அது ஏன் ஓடியது? என் அளவுகோலுக்கு இதுதான் பலத்த அடி. கொன்றவரிடம் வாங்குவதெல்லாம் மனிதரிடையே சமநிலையையும் காட்டில் மிச்சத்தையும் காக்கும். அந்த ஓர் உயிருக்கு எதையும் திருப்பித் தராது. இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. வேல் பிளம்வுட்டின் வாழ்க்கையில்தான் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. ஆஸ்திரேலியத் தத்துவவாதியான அவரை 1985இல் காக்காடு பூங்காவில் முதலை கவ்வி மூன்று முறை நீருக்குள் புரட்டியது. பிழைத்தார். அந்த முதலையைக் கொல்லப் புறப்பட்டவர்களைத் தடுத்தார். பிற உயிருக்குத் தானும் இரைதான் என்பதை மனிதர் ஒப்புக்கொள்வதிலிருந்துதான் உணவின் அறம் தொடங்க வேண்டும் என்று எழுதினார். அவர் சைவ உணவுக்காரர். ஆனாலும் வேட்டையாடி வாழும் மக்களைக் குற்றக்கூண்டில் ஏற்ற மறுத்தார்.

உலகில் ஆண்டுக்கு 8,000 கோடிக்கும் மேற்பட்ட தரைவாழ் விலங்குகளை உணவுக்காகக் கொல்கிறார்கள், பெரும்பகுதி கோழி. இதில் வேட்டையின் பங்கு ஒரு துளி. அமெரிக்காவின் ஓமஹா நகரில் மாட்டிறைச்சி ஆலையொன்றில் தொழிலாளியாகச் சேர்ந்து ஆய்வு செய்த திமத்தி பச்சிராட் எழுதுகிறார்: பன்னிரண்டு விநாடிக்கு ஒரு மாடு; கொலைத்தளத்தில் 121 வேலைகள். அத்தனை பேரும் கைகாட்டுவது, மாட்டின் நெற்றியில் ஆணித்துப்பாக்கியை அழுத்தும் ஒரே ஆளை. கொல்பவன் அவன்தான், நாங்கள் இல்லை. பிரியாணிக் கடையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்த 121 பேருக்கும் பின்னால்தான் இடம். நம்மிடமிருந்து யாரும் எதையும் வாங்கிக்கொள்வதில்லை, பில்லைத் தவிர.

இப்போது நம் ஊர்களிலும் கொலைக்குப் புது முறை வகுக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. மரவள்ளியையும் நெல்லையும் காட்டுப்பன்றி உழுதுபோட்டுவிடுகிறது. தாங்க முடியாத உழவர் மின்கம்பி போடுகிறார், வெடி பொதிந்த அவுட்டுக்காய் வைக்கிறார். வாய் சிதறிச் சாவது பன்றி மட்டுமல்ல, யானையும்தான். கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைத் தந்தது. சுட்ட பன்றியை மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்துவிட வேண்டும்; தின்னக் கூடாது. தின்னவிட்டால் நாளைக்குக் கறிக்காகவே சுடுவார்கள் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. வயலைப் பறிகொடுத்தவருக்குப் பங்கு, சுட்டவருக்கு ஒன்றுமில்லை, எத்தனை சுடலாம் என்பதை ஊர்சபை முடிவு செய்யட்டும் என்று வைத்தால் அந்த அச்சத்துக்கு வழி பிறக்குமா என்று யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கலஹாரியில் கறியைப் பிரித்துக் கொடுக்கும் உரிமையைக் கொன்றவரிடமிருந்து அப்படித்தான் விலக்கி வைத்திருந்தார்கள்.